பாளையங்கோட்டை பங்களாவில் சுண்ணாம்பு வேலை: ஒரு பழுதுபார்ப்புக் குழுவின் நிறையும் குறையும்

வெள்ளைக்காரர் காலத்து பங்களா ஒன்றைப் பாளையங்கோட்டையில் ஒரு சுண்ணாம்பு வேலைக் குழு பழுதுபார்த்து முடித்திருக்கிறது. ஒரு மேஸ்திரி, மூன்று கொத்தனார்கள், ஒரு தச்சர், ஆறு கையாட்கள். மாசியில் தொடங்கி ஆவணிக் கடைசியில் முடித்தார்கள். அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் வீடு பார்த்துவிட்டது. சுண்ணாம்பு வேலையை எடைபோட இதுதான் சரியான நேரம். பூசி முடித்த மறுநாள் எந்தச் சுவரும் அழகாகத்தான் இருக்கும்; முதல் மழைக்காலம் முடிந்த தை மாதத்தில் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சுவரில் ஏறியிருந்த ஓதம், அதாவது தரையிலிருந்து ஏறும் ஈரம், இறங்கிவிட்டது. தட்டட்டியில், அதாவது மேல்தளத்தில், ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. மேற்குச் சுவரின் பூச்சு மட்டும் தேறவில்லை, திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு உத்தர முனைகளைத் தவறாக அடைத்திருக்கிறார்கள். முன் போர்டிகோவை இடித்துவிடலாம் என்று அவர்கள் சொன்ன யோசனை மிகத் தவறானது. வீட்டுக்காரர் சம்மதிக்காததால் அது தப்பியது. குறைகளும் சொல்லப்படுவதால் குழுவின் பெயரையும் வீட்டின் அடையாளத்தையும் இங்கே தவிர்த்திருக்கிறோம். வேலையின் விவரம் போதும். பழைய வீடு வைத்திருக்கும் எவரும் தங்கள் மேஸ்திரியிடம் என்ன கேட்க வேண்டும் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் குழு உளியை எடுப்பதற்கு முன் வீட்டை அளந்து, சுவர் சுவராகத் தட்டிப் பார்த்து, எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் கொடுக்கிறது. இதற்குத் தனிக் கட்டணம், நான்கு நாள் வேலை. பலர் இதை வெட்டிச் செலவு என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. நூற்றைம்பது வருடத்தில் ஐந்தாறு கை பட்ட வீட்டில் ஒரே மருந்தை எல்லாச் சுவருக்கும் போட முடியாது.

இந்த வீட்டின் மூல உடம்பு நடுக்கூடம், இருபுறமும் இரண்டிரண்டு அறைகள், முன்னும் பின்னும் வராண்டா. சுவர் இரண்டடி கனம், உயரம் பதினாறு அடி, மேலே மெட்ராஸ் டெரஸ் என்னும் தட்டட்டி. அதன் பின்னால் பனங்கை பரப்பி நாட்டு ஓடு வேய்ந்த சமையலறையும் ஸ்டோர் ரூமும் பிறகு சேர்ந்தவை. முன்னால் மங்களூர் ஓட்டுப் போர்டிகோ அதற்கும் பிறகு வந்தது. கயிற்றால் இழுத்து ஆட்டும் பங்கா தொங்கிய கொக்கிகளில் மின்விசிறி ஏறியதும், மரச்சட்டத்துக்குள் ஒயர் ஓடியதும் அடுத்த கட்டம். கடைசியாக சிமெண்ட் வந்தது: பின் வராண்டாவை அடைத்துக் கட்டிய குளியலறை, சுவரைச் சுற்றி நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூச்சு, தட்டட்டி மேல் மூன்று அங்குலக் காங்கிரீட், முற்றத்தில் பேவர் பிளாக். தலையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1949இல் ஓடத் தொடங்கியது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சிமெண்ட் ஒட்டுவேலை பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்ததுதான். அந்த ஆண்டை மனதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தால் பல முடிச்சுகள் அவிழும்.

மேஸ்திரி மூலச் சுவரையும் பின்கட்டுச் சுவரையும் பிரித்துக் காட்டிய விதம் அருமை. இரண்டும் சேரும் மூலையில் ஒரு கையகலம் பூச்சை மட்டும் எடுத்தார். உள்ளே செங்கல்கள் ஒன்றுக்குள் ஒன்று பல் பிடிக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்ததுபோல் ஒரே நேர்கோட்டு இணைப்பு. ஒரே காலத்தில் எழுப்பியிருந்தால் வரிசை மாற்றி வரிசை கல் உள்ளே நுழைந்திருக்கும். கல்லின் அளவும் காலத்துக்குக் காலம் வேறு. மூலச் சுவரில் எட்டரைக்கு நாலு, கனம் ஒன்றே முக்கால் அங்குலம். போர்டிகோவின் அடித்தளத்தில் ஒன்பதுக்கு நாலேகால், கனம் இரண்டே முக்கால். அந்த மூலையில் வருடாவருடம் விரிசல் விட்டதற்கும் அந்த இணைப்பே காரணம். இரண்டு சுவரும் தனித்தனியாக அசைகின்றன. அதைச் சிமெண்டால் இறுக்கி அடைத்தால் விரிசல் பக்கத்துக்கு நகரும், அவ்வளவுதான். குழு அங்கே மென்மையான சுண்ணாம்புச் சாந்தை மட்டும் நிரப்பி, கோட்டை மறைக்காமல் விட்டது. மழைக்குப் பிறகும் விரிசல் திரும்பவில்லை.

அடைத்த ஜன்னல்களையும் விடாமல் கண்டுபிடித்தார்கள். தட்டினால் ஓசை மாறும் இடத்தில் பூச்சை உரித்தால் மேலே செங்கல் வளைவு அப்படியே இருக்கிறது. இங்கிலாந்தின் பழைய வீடுகளிலும் இதே காட்சி உண்டு. அங்கே 1696 முதல் 1851 வரை ஜன்னல் எண்ணிக்கைக்கு வரி வாங்கினார்கள். வரிக்குப் பயந்து பலர் ஜன்னலைக் கல் வைத்து அடைத்தார்கள். இன்றும் அந்த அடைப்புகள் முகப்பில் தெரிகின்றன. இங்கே அப்படி ஒரு வரி இல்லை. மேற்குப் பக்கத்து மூன்று ஜன்னல்களில் ஒன்று குளியலறைக்காகவும், ஒன்று அலமாரிக்காகவும் அடைபட்டிருக்கிறது. குழு அலமாரியை அப்படியே விட்டது, குளியலறை அடைப்பை மட்டும் திறந்தது. ஈரம் தங்கும் அறைக்குக் காற்று வேண்டும் என்பதால் அது சரியான தேர்வு.

ஆய்வில் ஒரு பிழை உண்டு. போர்டிகோ ஓட்டின் அடியில் 1865 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, போர்டிகோவை அந்த ஆண்டு என்று வரைபடத்தில் எழுதிவிட்டார்கள். அது ஓடு சுட்ட ஆண்டு இல்லை. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு. அதே முத்திரையோடு பல பத்தாண்டுகள் ஓடு வந்துகொண்டிருந்தது. ஓட்டு முத்திரையை வைத்து ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டுமே சொல்லலாம்.

இனி ஓதம். இந்த வீட்டில் சுவரின் கீழ்ப்பகுதி உப்பு பூத்து, பொரிந்து, கையால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. முன்பு வந்த ஆட்கள் ஒவ்வொரு முறையும் பொரிந்த உயரத்துக்கு ஓரடி கூடுதலாகச் சிமெண்ட் பூசிப் போயிருக்கிறார்கள். சிமெண்ட் உயர உயர ஓதமும் உயர்ந்தது. காரணம் எளிது. சுண்ணாம்பில் கட்டிய சுவர் நிலத்திலிருந்து இழுக்கும் ஈரத்தைத் தன் முகத்தின் வழியாகக் காற்றில் விட்டுவிடும். முகத்தைச் சிமெண்ட் அடைத்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும்; சிமெண்ட் முடியும் இடத்தில் வெளியே வந்து, கரைத்துக்கொண்டு வந்த உப்பை அங்கே விட்டுவிட்டுக் காயும். உப்புப் பளிங்கு செங்கல்லின் துளைக்குள் வளர்ந்து கல்லையே உடைக்கும். 1824இல் லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் இங்கிலாந்தின் பழைய செங்கல் வீடுகளில் அதை வைத்து இணைப்புகளை அடைத்தார்கள், அங்கும் இதே கேடு நடந்தது. அங்கே உள்ளே சிக்கிய ஈரம் பனியில் உறைந்து கல்லின் முகத்தைப் பிளக்கும். நமக்கு உறைபனி இல்லை, அந்த வேலையை உப்பு செய்கிறது.

இந்தக் குழுவின் மிகச் சிறந்த முடிவு, சுவரைத் தொடாமல் முதலில் முற்றத்தைத் தோண்டியது. பேவர் பிளாக் போட்டபோது முற்றத்தின் மட்டம் ஒன்பது அங்குலம் ஏறி, அடித்தளத்தில் இருந்த காற்றுத் துவாரங்கள் புதைந்துபோயிருந்தன. மழைத்தண்ணீர் சுவரை நோக்கி ஓடியது. மேஸ்திரி சொன்ன வார்த்தை அப்படியே: “தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்காம பூசுனா, ரெண்டு வருசத்துல திரும்ப என்னையத்தான் கூப்பிடுவிய அண்ணாச்சி.” சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்குப் பேவரை எடுத்து, மண்ணைப் பழைய மட்டத்துக்கு இறக்கி, வெளிப்பக்கம் சாய்வு கொடுத்து, துவாரங்களைத் திறந்தார்கள். ஓத நோய்க்கு முக்கால் மருந்து அதிலேயே முடிந்தது.

பிறகுதான் சிமெண்ட் உரிப்பு. பிரேக்கர் மெஷின் இறக்கவில்லை. சிறு உளியைச் சுவருக்குச் சாய்வாகப் பிடித்து, சிமெண்ட் ஓட்டைப் பலகை பலகையாக நெம்பி எடுத்தார்கள். நேராகக் குத்தினால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிடும். உரித்த சுவரை மாசி முதல் ஆடி வரை வெறுமையாக விட்டார்கள். உப்பு வெளியே வர வர உலர்ந்த துடைப்பத்தால் தட்டிக் கூட்டி அள்ளினார்கள். இதில் பலர் தவறுவார்கள்: தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். கூட்டிய உப்பைச் சுவரோரம் மண்ணில் கொட்டவும் கூடாது. வீட்டில் குடியிருந்துகொண்டே ஐந்து மாதம் வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது சிரமம்தான். ஆனால் அந்தப் பொறுமை இல்லாதவர்கள் இந்தச் சேவையைக் கூப்பிடாமல் இருப்பது நல்லது.

சுண்ணாம்பு தயாரிப்பில் குழுவுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம், ஒரே ஒரு சறுக்கலைத் தவிர. கடையில் மூட்டையில் வரும் தூள் சுண்ணாம்பை அவர்கள் தொடுவதில்லை. தட்டட்டிக்கும் அடிப்பூச்சுக்கும் சுட்ட கல்சுண்ணாம்பு. மேல் மெருகுக்குத் தூத்துக்குடிப் பக்கத்துச் சிப்பிச் சுண்ணாம்பு. தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகுதான் கல். கல் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்து கண்ணைப் பறித்துவிடும். கொதி அடங்கியதும் கிளறி, சல்லடையில் வடித்துக் குழியில் விட்டு, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வைத்து மூடிவைத்தார்கள். அடிப்பூச்சுக்கு இருபத்தொரு நாள், மெருகுக்கு இரண்டு மாதம். வெந்த வெண்ணெய்ச் சுண்ணாம்பைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், நின்றது.

சறுக்கல் எங்கே என்றால், வடக்கு அறைக்குப் போன ஒரு தொட்டிச் சுண்ணாம்பைக் கண் பெரிய சல்லடையில் வடித்திருக்கிறார்கள். பூசி ஆறு வாரத்தில் அந்தச் சுவரில் சிறுசிறு குழிகள் தெறித்தன. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு குழியும் கூம்பு வடிவம், மிளகு அளவு; அடியில் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் குற்றவாளி. தொட்டியில் நீறாமல் தப்பிய கல்துண்டு, சுவருக்குள் போன பிறகு ஈரம் பட்டு நீறிப் பருத்து, மேலே இருந்த பூச்சைத் தள்ளிவிட்டிருக்கிறது. ஐம்பது, அறுபது குழிகள் இருக்கும். தகராறு பண்ணாமல் வந்து ஒவ்வொன்றையும் நோண்டி அடைத்துக் கொடுத்தார்கள். அடுத்த தொட்டியிலிருந்து கொசுவலைக் கண் சல்லடைக்கு மாறினார்கள்.

மணல் இப்போது பெரிய பிரச்சினை. தாமிரபரணி மணலை நினைத்த மாதிரி அள்ள முடியாது, அள்ளவும் கூடாது. பூச்சுக்கென்று பாறையை நொறுக்கிச் செய்யும் பி சாண்டைக் குழு கழுவிப் பயன்படுத்துகிறது. உரித்த பழைய சுண்ணாம்புப் பூச்சை நொறுக்கிச் சலித்த மணலையும் அதோடு கலக்கிறது. பழைய பூச்சு குப்பைக்குப் போகாமல் திரும்பச் சுவருக்கே வருவது நல்ல வழக்கம், ஆனால் கீழ்ச்சுவரில் உரித்த உப்பேறிய பூச்சை இதில் சேர்க்கக் கூடாது. அதைத் தனியாக அப்புறப்படுத்தியதைப் பார்க்க முடிந்தது. மணலில் தூசி எவ்வளவு என்று பார்க்க, கண்ணாடிப் பாட்டிலில் மணலும் உப்புத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வைத்தார்கள். மேலே படியும் வண்டல் 8 சதவீதத்துக்கு மேல் போனால் திரும்பக் கழுவ வேண்டும். தூசி மிஞ்சினால் பூச்சு சுருங்கி வெடிக்கும்.

கலவை: பொதுவாக ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். ஓதம் இருந்த கீழ்ச்சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு செங்கல் பொடி, இரண்டு பங்கு மணல். செங்கல் பொடியில் சூட்சுமம் உண்டு. அளவாக வெந்த நாட்டுச் செங்கல் பொடி மட்டுமே சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும்; சூளையில் கருகி உருகிய கல்லின் பொடி வெறும் மணல்போல் கிடக்கும். இந்த மேஸ்திரி கல்லைத் தட்டி ஓசை கேட்டே பொறுக்குகிறார். மணி போல் கணீரென்றால் ஒதுக்கிவிடுகிறார்.

பூச்சு மூன்று கை. முதல் கை அரை அங்குலம், இரண்டாவது கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூட, மூன்றாவது மெருகு இரண்டு மூன்று மில்லிமீட்டர். ஒவ்வொரு கைக்கும் இடையே ஏழிலிருந்து பத்து நாள். கூடம், முன் அறைகள், வராண்டாத் தூண்கள் எல்லாவற்றிலும் வேலை கச்சிதம். தூண்களின் மெருகில் கையை வைத்தால் முட்டை ஓடு போல் வழவழப்பு.

மேற்குச் சுவரில்தான் கெட்டது. அதை ஆனி மாதத்தில் பூசினார்கள். நம் ஊர் ஆனி, ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; துணி காய்வதற்குள் சுவர் காய்ந்துவிடும். சுண்ணாம்பு இறுகுவது தண்ணீர் வற்றுவதால் இல்லை. காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கித் திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாக மாறுவதால். அந்த மாற்றத்துக்குப் பூச்சில் மெல்லிய ஈரம் நிற்க வேண்டும். அதனால் காற்று அடிக்கும் பக்கத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, குறைந்தது பத்து நாள் காலையும் மாலையும் தெளிக்க வேண்டும். மூன்று நாளோடு சாக்கைக் கழற்றி வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். விளைவு, சுவர் முழுவதும் மயிரிழை விரிசல் வலை. நகத்தால் கீறினால் மாவு. ஒரு சில்லைப் பெயர்த்து முறித்து பினாப்தலீன் கரைசல் ஒரு சொட்டு விட்டால் உண்மை தெரியும்: கல்லாக மாறிய இடத்தில் நிறம் வராது, மாறாத இடம் ரோஜா நிறமாகும். கூடத்துச் சில்லில் வெளிப்புறம் ஐந்து மில்லிமீட்டருக்கு நிறமே இல்லை. மேற்குச் சுவர்ச் சில்லில் ஒரு மில்லிமீட்டர் தாண்டியதும் ரோஜா. அந்தச் சுவரின் மேல் இரண்டு கையையும் எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். காற்றுக்காலத்தில் மேற்குப் பக்கத்தை எடுத்ததே திட்டப் பிழை; அதைப் பங்குனியிலோ புரட்டாசியிலோ செய்திருக்கலாம்.

தட்டட்டிக்கு வருவோம். மெட்ராஸ் டெரஸின் அமைப்பு தெரியாமல் அதன் மேல் கை வைத்தவர்கள் ஏராளம். கீழே தேக்கு உத்தரம், அதன் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்குக்கட்டை. அதன் மேல் ஓர் அங்குலம் மட்டுமே கனமுள்ள சிறு செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு. இந்த வீட்டில் ஒழுக்கை நிறுத்துகிறேன் என்று யாரோ மேலே மூன்று அங்குலம் சிமெண்ட் காங்கிரீட் போட்டிருந்தார்கள். நூறு சதுர அடிக்கு ஓர் அங்குலக் கனமே அரை டன்னுக்கு மேல் எடை. மூன்று அங்குலம் என்றால் ஒன்றரை டன்னைத் தாண்டும். அத்தனையும் அந்தத் தேக்கின் தலையில். உத்தரங்கள் நடுவில் தொய்ந்திருந்ததில் வியப்பில்லை.

கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, காங்கிரீட்டைத் துண்டு துண்டாக வெட்டிக் கையால் இறக்கினார்கள். பழைய ஜல்லித் தளத்தில் நல்ல பகுதியை விட்டு, கெட்ட இடத்தை மட்டும் எடுத்தார்கள். புதிதாக இரண்டரைப் பங்கு செங்கல் ஜல்லிக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக் கலவை, நாலங்குலக் கனம், ஐம்பதுக்கு ஒன்று சாய்வு. பிறகு அடிப்பு. இதற்கென்று பன்னிரண்டு பெண்களைத் தனியாக அழைத்து வந்தார்கள். வரிசையாக உட்கார்ந்து, மரக்கட்டையால் எட்டு நாள் தொடர்ந்து தட்டினார்கள். நூறு லிட்டர் தண்ணீரில் மூன்று கிலோ கருப்பட்டி, ஒன்றரைக் கிலோ இடித்த கடுக்காய் ஊறவைத்த நீரைத் தெளித்துக்கொண்டே அடிக்க வேண்டும். கட்டை பட்டால் தடம் விழாமல் துள்ளி எழ வேண்டும். அதுவரை நிறுத்தக் கூடாது. இந்த வேலையைச் செய்யத் தெரிந்த கைகள் இன்னும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன என்பதே பெரிய செய்தி. அவர்கள் கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள்.

அடைபட்டுக் கிடந்த, மழைநீர் வடியும் இரண்டு தூம்புகளைத் திறந்ததும், தூம்பு வாயைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குப் பள்ளமாகத் தேய்த்ததும் கவனமான வேலை. தட்டட்டி ஒழுகுவது பெரும்பாலும் நடுவில் இல்லை, தூம்பு வாயிலும் கைப்பிடிச் சுவரின் அடியிலும்தான்.

தச்சர் திறமைசாலி. சுவருக்குள் இருந்த மூன்று உத்தர முனைகள் மக்கியிருந்தன. முழு உத்தரத்தையும் மாற்றாமல், மக்கிய ஒன்றரை அடியை மட்டும் சாய்வாக அறுத்து, பழைய தேக்கிலேயே துண்டு சேர்த்து, இருபுறமும் இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் முடுக்கினார். ஆனால் கொத்தனார் அதன் பிறகு இரண்டு முனைகளைச் சுற்றிச் சாந்தை இறுக்கி அடைத்துவிட்டார். மர முனையைச் சுற்றி ஒரு விரல்கடை காற்றிடம் விட வேண்டும். முதலில் மக்கியதே காற்றில்லாமல்தான். கிழக்கு முனையில் சரியாக விட்டிருக்கிறார்கள், மற்ற இரண்டிலும் இல்லை. தச்சரும் கொத்தனாரும் ஒரே நாளில் அந்த இடத்தில் நிற்காததால் வந்த குறை.

போர்டிகோ விஷயத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தே ஆக வேண்டும். அது பிற்காலச் சேர்க்கை என்று அறிந்ததும், அதை இடித்துவிட்டு வீட்டை ‘ஒரிஜினல் லுக்’குக்குக் கொண்டுவரலாம் என்று குழு யோசனை சொன்னது. இதைப் பல பாரம்பரிய வேலைக்காரர்களிடம் கேட்க முடிகிறது. நல்ல நோக்கத்தோடு சொல்லப்படும் கெட்ட யோசனை. இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பகுதியில் லேகாக் அபே என்ற வீடு இருக்கிறது. 1232இல் கன்னியர் மடமாகத் தொடங்கியது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1539இல் அது மூடப்பட்டு, வில்லியம் ஷாரிங்டன் கைக்குப் போனது. அவர் தேவாலயத்தை இடித்தார், மடத்தின் சுற்று நடைகளை அப்படியே வைத்துக்கொண்டு வீடாக்கினார், எண்கோணக் கோபுரம் ஒன்று எழுப்பினார். 1750களில் அடுத்தவர்கள் கோதிக் பாணியில் ஒரு கூடம் சேர்த்தார்கள். 1827 முதல் 1830 வரை, புகைப்படக் கலையின் முன்னோடியான ஃபாக்ஸ் டால்பட் தெற்கு முகப்பில் வெளியே பிதுங்கும் ஜன்னல்கள் வைத்தார். அந்த ஜன்னல்களில் ஒன்றைத்தான் அவர் 1835இல் படம் பிடித்தார். இன்று மிஞ்சியிருக்கும் கேமரா நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுவே. 1944இல் பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பிடம் வந்த அந்த வீட்டை ‘ஒரிஜினல்’ ஆக்குகிறேன் என்று யாராவது கிளம்பியிருந்தால், கோபுரமும் போயிருக்கும், அந்த ஜன்னலும் போயிருக்கும். பழைய கட்டடங்களை ஏதோ ஒரு பழங்காலத்துக்குச் சுரண்டித் திருப்பும் வழக்கத்தை எதிர்த்துத்தான் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877இல் லண்டனில் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மேடை போலீஸ் ஸ்டேஷனைத் தினமும் தாண்டிப் போகிறோம். பாளையங்கோட்டையின் பழைய கோட்டையின் மிச்சம் அது. காவல் நிலையமாக ஆனதும் அதன் கதைதான். இந்த போர்டிகோவும் அப்படியே. நாலு மணி வெயிலை முன் வராண்டாவில் விழாமல் தடுக்கிறது. மழைச்சாரல் கதவில் அடிக்காமல் காக்கிறது. கெட்ட ரீப்பர்களை மாற்றி, நல்ல ஓடுகளை அலம்பித் திரும்ப அடுக்கினால் போதும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதைக் குழு சுத்தமாகச் செய்து கொடுத்தது. எடுக்க வேண்டியது வீட்டுக்குத் தீங்கு செய்வதை மட்டும். சிமெண்ட் தீங்கு செய்தது, எடுத்தார்கள். போர்டிகோ தீங்கு செய்யவில்லை.

ஜன்னல் கதவுகளின் சாய்ந்த மரப்பட்டிகளில் உடைந்தவற்றை மட்டும் மாற்றினார்கள். பழைய பெயிண்டைச் சுரண்டும்போது முகமூடி அணியவில்லை, உதிர்ந்ததைச் சேர்த்து அள்ளவும் இல்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். இதைக் கட்டாயம் சொல்லிச் செய்யவைக்க வேண்டும். குளியலறைக் குழாய் வேலை சுமார்.

கடைசி வெள்ளைக்கு எமல்ஷன் பெயிண்ட் அடிக்கச் சொல்லி வீட்டில் சிலர் வற்புறுத்தினார்கள். மேஸ்திரி இசையவில்லை. அவர் பக்கமே நியாயம்: எமல்ஷன் பிளாஸ்டிக் தோல்போல் படிந்து, இவ்வளவு பாடுபட்டுத் திறந்த சுவரை மறுபடி அடைத்துவிடும். பால் போல் நீர்த்த சுண்ணாம்பை ஐந்து கை அடித்தார்கள். ஒவ்வொரு கைக்கும் முன் சுவரை நனைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள். துணியில் வெள்ளை ஒட்டுகிறது என்ற புகார் மேற்குச் சுவரில் மட்டும்தான் வந்தது, காரணம் மேலே சொன்னதே.

செலவு, சிமெண்ட் பூச்சைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. சதுர அடிக் கணக்கில் மட்டும் ஒப்பந்தம் போடாதீர்கள். எத்தனை நாள் நீறவைப்பது, எத்தனை நாள் நனைப்பது, சாக்கு யார் பொறுப்பு, எந்தப் பக்கம் எந்த மாதம் என்பதை எழுதி வாங்குங்கள். வேலை தொடங்கும் முன் மூன்றடிக்கு மூன்றடி மாதிரிப் பூச்சு ஒன்று போடச் சொல்லி ஒரு மாதம் பாருங்கள். இந்தக் குழு கேட்டால் செய்து தருகிறது, தானாகச் சொல்வதில்லை. சமையலறையும் ஸ்டோரும் போன்ற பனங்கைக் கூரை வேலை மட்டும் இருப்பவர்கள் இவர்களைக் கூப்பிட வேண்டியதில்லை. அதற்கு ஊர்த் தச்சரே போதும், கூலியும் குறைவு.

வேலை முடிந்து முதல் தை மாதம் வந்து பார்ப்பதாக ஒப்பந்தத்தில் இருந்தது, சொன்னபடி வந்தார்கள். மேற்குச் சுவரைப் பங்குனியில் இலவசமாகத் திரும்பப் பூச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உத்தர முனைகள் இரண்டையும் அப்போதே திறந்து காற்றிடம் விடச் சொல்லியிருக்கிறது; அடுத்த ஐப்பசிக்குள் அது நடக்காவிட்டால் தச்சர் சேர்த்த தேக்குத் துண்டும் மக்கத் தொடங்கிவிடும்.